மோட்டார் இல்லத்தில் திறந்தவெளித் தங்கல் (ஸ்காட்லாந்து)

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் மோட்டார் இல்லத்தை ஏரிக்கரையில் நிறுத்தி இரவைக் கழிக்கும் வழக்கம், 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொதுமக்களுக்கு அளித்த உரிமையில் அடங்குவதன்று. அச்சட்டம் மோட்டார் வாகனங்களை விலக்கியிருத்தலின், நிலச் சொந்தக்காரரின் சம்மதமே இதற்கு ஆதாரம். அந்தி சாய்ந்தபின் வந்து, விடியலில் நீங்கி, நாற்காலியும் பந்தலும் வெளியே விரிக்காமல், ஜன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொள்பவரை ஊரார் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஒற்றைத்தடச் சாலையில் எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடத்தை அடைத்து உறங்குபவரையோ, கழிவுப் பெட்டியை ஓடையில் கவிழ்ப்பவரையோ அவர்கள் மன்னிப்பதில்லை, மன்னிக்கவும் வேண்டியதில்லை. வண்டியின் முகம் சாலையை நோக்கியிருப்பின், கள்வர் பற்றிய ஐயம் எழுந்த கணத்தில் கதவைத் திறவாமலே புறப்பட்டுவிடலாம். கள்வரினும் அஞ்சத்தக்கது கார்பன் மோனாக்சைடு: குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்து, தணல் முற்றும் ஆறாத கரியடுப்பை உள்ளே வைத்துத் துயில்வோர், மணமோ நிறமோ இல்லாத அவ்வாயுவால் விழிக்காமலே மடிவதுண்டு.