9.7 கோடி டாலர் சம்பளம்.. 29 வயதில் ஓய்வு! வரி போக ஆண்ட்ரூ லக் கையில் நின்றது எவ்வளவு?

2019 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் உள்ள லூகாஸ் ஆயில் மைதானம். சீசன் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி ஆட்டத்தில் கோல்ட்ஸ் அணியும் சிகாகோ பியர்ஸ் அணியும் மோதிக்கொண்டிருந்தன. ஆட்டம் முடிவதற்குள் கேலரியில் இருந்தவர்களின் செல்போன்களுக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. கோல்ட்ஸின் நட்சத்திர வீரர் ஆண்ட்ரூ லக் ஓய்வு பெறப் போகிறார். வயது 29 தான். அன்று ஆடாமல் மைதான ஓரத்தில் நின்றிருந்த லக், ஆட்டம் முடிந்து உள்ளே நடந்தபோது சொந்த ஊர் ரசிகர்களே ஊளையிட்டார்கள்.

இங்கே ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, பந்தைக் கையில் பிடித்து, ஆளை ஆள் இடித்துத் தள்ளும் அமெரிக்கன் ஃபுட்பால். அதன் தொழில்முறை லீக்தான் என்எஃப்எல். லக் ஆடியது குவார்ட்டர்பேக் இடத்தில். அணியின் மூளை என்று சொல்லப்படும் இடம், அதிக சம்பளம் வாங்கும் இடமும் அதுதான். 2012ல் வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் இவர். அதற்குப் பிறகு விலா எலும்புப் பகுதியில் குருத்தெலும்புக் கிழிசல், சிறுநீரகத்தில் காயம், பந்து எறியும் தோளில் அறுவை சிகிச்சை என்று உடம்பு அடி வாங்கிக்கொண்டே இருந்தது. தோள் காயத்தால் 2017 சீசன் முழுக்க ஆடவில்லை. 2018ல் திரும்பி வந்து, மீண்டு வந்த சிறந்த வீரர் விருதும் வாங்கினார். அடுத்த வருடமே கணுக்கால் பிரச்னை. காயம், வலி, சிகிச்சை, மறுபடி காயம் என்ற சுழற்சி ஆட்டத்தின் சந்தோஷத்தையே எடுத்துவிட்டது என்று அன்றிரவு கண் கலங்கச் சொன்னார்.

மறுநாள் எல்லா செய்திகளிலும் ஒரு எண் வந்தது: 9.7 கோடி டாலர். ஏழு வருடத்தில் கோல்ட்ஸ் அணி அவருக்குக் கொடுத்த மொத்த தொகை ஏறத்தாழ இவ்வளவு. கேட்கத் தலை சுற்றும். ஆனால் இந்த எண்ணுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. வரி போக எவ்வளவு? அதைவிடப் பெரிய கேள்வி, கைக்கு வந்த பணம் உண்மையிலேயே அவருடையதுதானா?

வரி எப்படி பிடிக்கிறார்கள்?

புரிந்துகொள்ள வசதியாக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இண்டியானாபொலிஸில் குடியிருக்கும், திருமணமாகாத ஒரு வீரர் 2018ல் 1 கோடி டாலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வெட்டு மத்திய அரசின் வருமான வரி. 5 லட்சம் டாலரைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 37 சதவீதம். கீழ் அடுக்குகளில் கிடைக்கும் சலுகை எல்லாம் இந்த அளவு வருமானத்தில் தூசு மாதிரி. மொத்தம் சுமார் 36.6 லட்சம் டாலர் போய்விடும். அடுத்து மெடிகேர் எனப்படும் முதியோர் மருத்துவத் திட்ட வரி. இதற்கு உச்சவரம்பு கிடையாது, உயர் வருமானத்துக்குக் கூடுதல் பங்கும் சேர்த்து 2.3 லட்சம் டாலர். இண்டியானா மாநிலத்துக்கு 3.23 சதவீதம், அதன் மேல் கவுண்டி எனப்படும் மாவட்டத்துக்கு 2 சதவீத அளவில். இரண்டும் சேர்த்து 5 லட்சம் டாலருக்கு மேல்.

கடைசியாக ஏஜென்ட். வீரர்கள் சங்க விதிப்படி ஏஜென்ட் கமிஷன் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3 லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் நிற்பது 53 லட்சம் டாலர் அளவுக்குத்தான். 2018 முதல் இன்னொரு அடியும் விழுந்தது. ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கமிஷனை முன்பு செலவாகக் காட்டி வரியில் கழிக்கலாம். புதிய வரிச் சட்டம் அந்தக் கழிவை எடுத்துவிட்டது. கைக்கு வராத அந்த 3 லட்சத்துக்கும் வரி கட்டியாக வேண்டும்!

லக் ஆடிய 2013 முதல் 2017 வரை உச்ச வரி 39.6 சதவீதம். அப்போது கழிவுகளும் அதிகம் இருந்ததால், முடிவில் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் கணக்கு வருகிறது. இந்த விகிதத்தை 9.7 கோடிக்குப் போட்டால், விளம்பர வருமானம் சேர்க்காமல், கையில் நிற்பது 5 கோடி டாலரை ஒட்டிய தொகை. தலைப்புச் செய்தியில் வந்த எண்ணில் பாதி.

ஆடப் போன ஊருக்கும் வரி

நம்ம ஊரில் கேள்விப்படாத ஒரு வரி அங்கே இருக்கிறது. பேச்சுவழக்கில் அதன் பெயர் 'ஜாக் டாக்ஸ்', அதாவது விளையாட்டு வீரர் வரி. எந்த மாநிலத்தில் போய் ஆடினாலும், அந்த நாட்களுக்கான சம்பளத்துக்கு அந்த மாநிலமும் வரி கேட்கும். 1991ல் மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை வீழ்த்தி கோப்பையை வென்றது. தோற்ற அணியின் மாநிலமான கலிஃபோர்னியா, ஜெயித்துவிட்டுப் போன சிகாகோ வீரர்களிடம் வரி கேட்டது. பதிலுக்கு சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம், எங்கள் ஆட்களிடம் வரி கேட்கும் மாநிலத்தின் வீரர்களிடம் நாங்களும் கேட்போம் என்று சட்டம் போட்டது. 'மைக்கேல் ஜோர்டானின் பழிவாங்கல்' என்றே அந்தச் சட்டத்துக்குப் பெயர் விழுந்தது.

பொதுவாக 'பணி நாட்கள்' முறையில் இதைக் கணக்கிடுகிறார்கள். பயிற்சி முகாம் தொடங்கியதில் இருந்து கடைசி ஆட்டம் வரை உள்ள நாட்களில், அந்த ஊரில் எத்தனை நாள் இருந்தாரோ அந்தப் பங்குக்கு மட்டும் வரி. ஆனால் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் நகரம் வேறு வழியில் போனது. பயிற்சி நாட்களைக் கணக்கிலேயே எடுக்காமல், மொத்த ஆட்டங்களில் எத்தனை கிளீவ்லேண்டில் நடந்தது என்று மட்டும் பார்த்தது. 20 ஆட்டத்தில் ஒன்று என்றால் வருட சம்பளத்தில் 5 சதவீதத்துக்கு வரி. பணி நாள் முறையில் அது 1 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

இதில் மாட்டியவர்களில் ஒருவர் லக்குக்கு முன்பு அதே கோல்ட்ஸ் அணியில் ஆடிய ஜெஃப் சாட்டர்டே. 2008ல் அணி கிளீவ்லேண்ட் போனபோது அவர் காயத்துக்கு சிகிச்சை எடுத்துக்கொண்டு இண்டியானாபொலிஸிலேயே இருந்தார். ஊருக்குள் காலே வைக்காத மனிதரிடம் வரி பிடித்துவிட்டார்கள்! அவரும், பியர்ஸ் வீரர் ஹண்டர் ஹில்லன்மேயரும் தனித்தனியாக வழக்குப் போட்டார்கள். 2015ல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது.

லக்குக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. கோல்ட்ஸ் வருடா வருடம் போய் ஆட வேண்டிய ஹூஸ்டன், ஜாக்சன்வில், டென்னஸி ஆகிய மூன்று அணிகளும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லாத மாநிலங்களில் இருக்கின்றன. கலிஃபோர்னியா அணி ஒன்றில் ஆடியிருந்தால்? அங்கே உச்ச விகிதம் 13.3 சதவீதம். நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஓய்வு பெற்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?

கேட்கலாம். ஓய்வை யோசிக்கும் வீரர் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது கொடுக்கும் பெரிய போனஸ், முழு ஒப்பந்த காலத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கொடுத்த பணமாகத்தான் கணக்கில் நிற்கும். பாதியில் தானாக விலகினால், மிச்சமுள்ள வருடங்களின் பங்கை அணி திருப்பிக் கேட்க முடியும்.

சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸ் அணியின் கிறிஸ் போர்லாண்ட் கதை இதற்குத் தெளிவான உதாரணம். 2014ல் நான்கு வருட ஒப்பந்தம், கையெழுத்து போனஸ் 6,17,436 டாலர். ஒரே சீசன் ஆடினார், நன்றாகவே ஆடினார். தலையில் தொடர்ந்து விழும் அடிகள் பிற்காலத்தில் மூளையை என்ன செய்யும் என்று படித்துப் பார்த்துவிட்டு, 2015 மார்ச்சில் 24 வயதில் விலகினார். நான்கில் ஒரு வருடம்தான் ஆடியிருக்கிறார். அதனால் போனஸில் முக்கால் பங்கு, 4,63,077 டாலரைத் திருப்பித் தர வேண்டி வந்தது.

கவனியுங்கள், அந்த முக்கால் பங்கு வரிக்கு முந்தைய முழுத் தொகையில் முக்கால். அவர் கைக்கு வந்ததோ வரி போன பிறகுள்ள தொகை. ஏற்கெனவே கட்டிய வரி என்ன ஆகும்? அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 1341ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தனக்குரியது என்று நம்பி வாங்கி வரி கட்டிய பணத்தைப் பிறகு திருப்பித் தர நேர்ந்தால், பழைய வருடத்தில் கூடுதலாகக் கட்டிய வரியை இந்த வருட வரியில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற வருடத்தில் வருமானமே இல்லாதவருக்கு இந்தப் பிரிவு இல்லாவிட்டால் நிலைமை மோசம்.

எல்லா அணிகளும் சும்மா விட்டுவிடுவதில்லை. டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு இதில் ஒரு வரலாறே உண்டு. 1999ல் உச்சத்தில் இருக்கும்போதே விலகிய பேரி சாண்டர்ஸ், போனஸில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்று நடுவர் உத்தரவிடும் அளவுக்கு விஷயம் போனது. 2016ல் ஓய்வு பெற்ற கால்வின் ஜான்சனும் 10 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கசப்பு பல வருடம் நீடித்தது.

லக் விஷயத்தில் என்ன நடந்தது?

2016ல் கோல்ட்ஸ் அவருக்குக் கொடுத்த கையெழுத்து போனஸ் 3.2 கோடி டாலர். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 64 லட்சம். அவர் விலகியபோது இரண்டு வருடப் பங்கு மிச்சம், அதாவது 1.28 கோடி. அணியில் நீடிப்பதற்காகக் கொடுத்த ரோஸ்டர் போனஸ் 1.2 கோடியும் இதில் சேரும். மொத்தம் 2.48 கோடி டாலரை அணி திருப்பிக் கேட்டிருக்கலாம். வாழ்நாள் சம்பளத்தில் கால் பங்கு அது.

கேட்கவில்லை. முழுவதையும் லக்கே வைத்துக்கொள்ள அணி சம்மதித்தது. தாராள மனசு என்று சொல்லலாம். கேட்டிருந்தால், காயத்தைக் காட்டி அவர் ஓய்வு பெறாமலே அணியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் வழியும் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அவர் அந்த வழியில் போகவில்லை. மீதி மூன்று சீசன் சம்பளத்தையும், அதற்குப் பிறகு வந்திருக்கக்கூடிய இன்னும் பெரிய ஒப்பந்தத்தையும் விட்டுவிட்டுத்தான் போனார்.

ஓய்வுக்குப் பிறகு?

5 கோடி டாலர் கையில் இருந்தால் கவலை இல்லை. ஆனால் லக் மாதிரி சம்பாதிப்பவர்கள் சிலர்தான். 1996 முதல் 2003 வரை என்எஃப்எல்லுக்குத் தேர்வான வீரர்களைப் பற்றி 2015ல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று, ஓய்வு பெற்ற 12 வருடத்துக்குள் கிட்டத்தட்ட 16 சதவீதம் பேர் திவால் மனு கொடுத்ததாகக் கண்டறிந்தது. அதிகம் சம்பாதித்தவர், நீண்ட காலம் ஆடியவர் என்பதெல்லாம் பெரிய வித்தியாசம் ஏற்படுத்தவில்லையாம். இருபது வயதுகளில் மொத்தமாக வந்து, அறுபது வருடத்துக்கு நீட்டிக்க வேண்டிய பணம் அது. மூன்று சீசன் முடித்தவர்களுக்கு பென்ஷன் உண்டு, ஆனால் முழு பென்ஷனுக்கு 55 வயது வரை காத்திருக்க வேண்டும். லீக் தரும் மருத்துவக் காப்பீடோ ஓய்வுக்குப் பின் ஐந்து வருடம் மட்டும். முழங்காலும் தோளும் தேய்ந்த உடம்புக்கு ஆறாவது வருடத்தில்தான் செலவு கூடும்.

லக் படித்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். கல்வித் துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றார். 2024 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் பொது மேலாளர் ஆனார். 2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு, கல்லூரிகளே மாணவ வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர். அதில் எந்த மாணவருக்கு எவ்வளவு என்று பார்ப்பதும் இப்போது லக் மாதிரியான மேலாளர்களின் வேலை. அந்த மாணவர்களும் வரி கட்ட வேண்டும், கலிஃபோர்னியா விகிதத்தில்.