சானடோரியமும் சிடி4 கணக்கும்

இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய் மருத்துவமனை நடத்தி, கணித மேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை அளித்தவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. அவர் 1928-இல் தொடங்கியதுதான் தாம்பரம் சானடோரியம். காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும்தான் வைத்தியம். 1937-இல் அரசு அதை ஏற்றது. பிறகு மருந்துகள் வந்தன. வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1950-களின் இறுதியில் சென்னை சேத்துப்பட்டில் நடந்த ஆய்வு காட்டியதும், சானடோரியங்களின் காலம் முடிந்ததாகவே தோன்றியது. தாம்பரத்தின் காலம் முடியவில்லை. இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளை 1986-இல் சுனிதி சாலமனும் நிர்மலாவும் சென்னையில் கண்டறிந்தார்கள். பல மருத்துவமனைகள் அந்த நோயாளிகளைச் சேர்க்கத் தயங்கிய 1990-களில் தாம்பரம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் பலரை வாட்டியதும் காசநோய்தான்.

அடுத்த மாற்றம் வெள்ளை அணுவின் மேற்பரப்பிலிருந்து வந்தது. சில வெள்ளை அணுக்களின் மேலுள்ள சிடி4 என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்டுதான் எச்ஐவி உள்ளே நுழைகிறது என்பது 1984-இல் தெரிந்தது. ஒளிரும் சாயம் சேர்த்த எதிர்ப்பொருளை ரத்தத்தில் கலந்து, லேசர் ஒளியில் அந்த அணுக்களை எண்ணுவதே சிடி4 பரிசோதனை. எச்ஐவிக்குத் தரும் கூட்டு மருந்து இந்த ஏற்பியைத் தொடுவதில்லை. வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. சிடி4 அணுக்கள் அதனால் மெல்லக் கூடுகின்றன. ஓயாத போராட்டத்தின் அடையாளமாக வேறு வெள்ளை அணுக்களின் மேல் மிகுந்திருந்த சிடி38 போன்ற குறிகளும் குறைகின்றன. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு நோயாளியின் எடையையும் முகத்தெளிவையும் தாண்டி ஒரு சான்று கிடைத்தது.

2004 ஏப்ரல் 1-இல் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. ஆனால் நோய் முற்றாதவர்களுக்கு, சிடி4 எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. மருந்து அரிதாக இருந்தபோது, சாவுக்கு மிக அருகில் இருப்பவருக்கு முதலிடம் தருவது நியாயம்தானே என்று கேட்கலாம். 2004-இல் அது நியாயமே. சிபாரிசைவிட எண் நேர்மையானது. மருந்து பெருகிய பின்னும் வரம்பு படிப்படியாகத்தான் உயர்ந்தது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எண் இறங்கும்வரை காத்திருப்பவர் காசநோய்க்கும் இடம்கொடுக்கிறார். காசநோய்க்கென்றே கட்டிய மருத்துவமனைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிடி4 நன்றாக இருக்கும்போதே மருந்தைத் தொடங்குவதுதான் நல்லது என்று 2015-இல் ஸ்டார்ட் என்ற ஆய்வு நிறுவியது. 2017-இல் இந்தியாவும் வரம்பை நீக்கியது. இப்போது தொற்று உறுதியானாலே மருந்து உண்டு. சந்தேகம் உள்ளவர்கள் உடல் மெலியும்வரை காத்திருக்க வேண்டாம்; அரசின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம்.