மாற்றியமைக்கப்பட்ட பள்ளிப் பேருந்து: ஓட்டுநர் உரிமமும் எடை விதிகளும்

கல்வி நிறுவனத்தின் பெயரில் பதிவாகி ஓடிய பேருந்தை விலைக்கு வாங்கி வேறு வேலைக்குத் திருப்பினால், அது மாற்றியமைக்கப்பட்ட பள்ளிப் பேருந்து. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டாரத்தில் இதற்குக் கண்முன் நிற்கும் உதாரணம் மில் பஸ். சுற்றிலும் நூற்பாலைகள் நிறைந்த ஊர் இது. எரியோடு, வடமதுரை, குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வரும் பழைய பஸ்களை உற்றுப் பார்த்தால், ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் உரிந்து அடியில் பள்ளிக்கூட மஞ்சள் தெரியும். மஞ்சளை மறைப்பது ஒரு நாள் வேலை. சட்டத்தின் கண்ணில் அந்த வண்டி வேறு வண்டியாவதற்கு அதைவிட நிறைய வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, ‘கல்வி நிறுவனப் பேருந்து’ என்று ஒரு வகையைத் தனியாகவே வரையறுக்கிறது. பள்ளியோ கல்லூரியோ சொந்தமாக வைத்து, மாணவர்களையும் ஊழியர்களையும் ஏற்றுவதற்கு மட்டுமே பயன்படுத்தும் வண்டி அது. அதை ஆலை வாங்கித் தன் தொழிலாளர்களைக் கட்டணமில்லாமல் அழைத்து வந்தால் ‘தனியார் சேவை வாகனம்’ ஆகிறது. அதற்குச் சட்டத்தின் 76ஆம் பிரிவின்படி பெர்மிட் வேண்டும். வேறொருவர் வாங்கி ஆலைக்கு வாடகைக்கு விட்டாலோ அது ஒப்பந்த ஊர்தி. பெர்மிட்டும் வேறு, வரியும் வேறு. பெயர் எப்படி மாறினாலும் மூன்றுமே ‘போக்குவரத்து வாகனம்’ என்ற பெருவகைக்குள்தான் வருகின்றன.

இனி உரிமம். எந்த லைசென்ஸ் தேவை என்பதை வண்டியின் நீளமோ, சீட்டின் எண்ணிக்கையோ, அன்றைக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்பதோ தீர்மானிப்பதில்லை. ஆர்.சி. புக்கில், அதாவது பதிவுச் சான்றில், எழுதியிருக்கும் மொத்த எடை, ஓட்டுநர்கள் ‘லேடன் வெயிட்’ என்று சொல்வது, அதுதான் தீர்மானிக்கிறது. வண்டியும் அது ஏற்றக்கூடிய சுமையும் சேர்ந்து இவ்வளவு வரலாம் என்று பதிவு அதிகாரி சான்றளித்த எண் அது. எடைமேடையில் ஏற்றிப் பார்க்கும்போது காட்டும் எண் வேறு. “சீட்டையெல்லாம் கழற்றிட்டோம், இப்ப லைட் வண்டிதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. சீட்டைக் கழற்றினால் வண்டியின் வெற்று எடைதான் குறையும். புத்தகத்தில் உள்ள மொத்த எடை தானாகக் குறையாது. காலியாக ஓட்டினாலும் அது கனரக வண்டிதான்.

எல்லைக்கோடு 7,500 கிலோ. 1988இல் சட்டம் வந்தபோது இலகுரக வாகனத்தின் எல்லை 6,000 கிலோவாக இருந்தது. 1994இன் திருத்தம் அதை 7,500 ஆக்கியது. நடுத்தரச் சரக்கு, நடுத்தரப் பயணி, கனரகச் சரக்கு, கனரகப் பயணி என்று நான்காக இருந்த உரிமங்களையும் அதே திருத்தம் ‘போக்குவரத்து வாகனம்’ என்ற ஒரே உரிமமாகச் சேர்த்தது. அதனால் வந்த குழப்பம் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் நீடித்தது. இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையோ வேனையோ ஓட்டலாமா, தனியாகப் போக்குவரத்து ஒப்புதல் வேண்டுமா என்பதே கேள்வி. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் முதலில் எடுத்து வைத்த வாதமும் இதுதான். ஓட்டலாம் என்று 2017 ஜூலையில் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மறுபடி கேள்விக்கு உள்ளாகி, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பஜாஜ் அலையன்ஸ் எதிர் ரம்பா தேவி வழக்கில் அதையே உறுதி செய்தது. பிழைப்புக்கு வேன் ஓட்டுகிறவர்களுக்கும் விபத்தில் இழப்பீடு கேட்டு நிற்கிற குடும்பங்களுக்கும் இது நியாயமான தீர்ப்பு.

ஆகவே ஃபோர்ஸ் டிராவலர் போன்ற சிறிய பள்ளி வேன் 7,500க்குள் அடங்கும், எல்.எம்.வி. எனப்படும் இலகுரக லைசென்ஸ் போதும். பள்ளிக்காக ஓடும் வரை மாநிலத்தின் பள்ளி வாகன விதிகள் அதற்குத் தனியாக உண்டு. 7,500ஐத் தாண்டினால் போக்குவரத்து உரிமம், அதாவது பேச்சுவழக்கில் ‘ஹெவி’, கட்டாயம். பெரிய பஸ் 12,000 கிலோவையும் தாண்டினால், சட்டம் ‘கனரகப் பயணி வாகனம்’ என்று சொல்லும் வகைக்குள் போய்விடும். ஹெவி எடுக்க வயது 20 நிறைந்திருக்க வேண்டும், எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். முன்பு மூன்று ஆண்டு.

அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே 26,001 பவுண்டு (சுமார் 11,800 கிலோ) அல்லது ஓட்டுநரையும் சேர்த்து 16 பேருக்கான வண்டி என்றால் வணிக உரிமம் தேவை. சீட்டும் கணக்கில் வருவதால், சீட்டைக் கழற்றினால் வகை மாறும் என்ற பேச்சு அங்கே பொருந்துகிறது. அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே பழைய பள்ளி பஸ்ஸை நடமாடும் வீடாக மாற்ற நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

நடமாடும் வீட்டுக்கு இங்கே தடை கிடையாது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை, 2004 நவம்பரில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதன் கட்டுமானத்துக்கு ஏஐஎஸ் 124 என்ற தரமும் உண்டு. சிக்கல் பழைய வண்டியை வெட்டி ஒட்டுவதில்தான். உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒப்புதல் பெற்றுச் செய்த மாற்றத்தையும் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வேடசந்தூரிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால், பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூர். வேலை தெரிந்த கைகள் அங்கே ஏராளம். ஆனால் வெல்டிங்குக்கு முன்னால் காகிதம் வர வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய வண்டி எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் மாட்டிக்கொள்ளும்.

எடையிலும் ஏமாந்துவிடக் கூடாது. உதாரணத்துக்கு, ஆர்.சி.யில் வெற்று எடை 8,900, மொத்த எடை 12,500 என்று இருந்தால் இடைவெளி 3,600 கிலோ. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி மட்டும் அதில் ஒரு டன்னைத் தின்றுவிடும். கட்டில், அலமாரி, ஜெனரேட்டர் எல்லாம் வண்டியோடு நிரந்தரமாக இருப்பதால் வெற்று எடையிலேயே சேரும். எடையை மீறினால் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் மேலும். ஆள் அதிகம் ஏற்றினால் தலைக்கு 200 ரூபாய். உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு; சாவியைக் கொடுத்த உரிமையாளருக்கும் அதே தண்டனைதான்.

பள்ளி வாகனத்துக்குத் தமிழ்நாட்டில் கண்டிப்பு கூடியதற்கு ஒரு துயரம் காரணம். 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே முடிச்சூரில், பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே ஆண்டில் பள்ளி பஸ்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. அன்று முதல் ஆண்டுதோறும் கோடை விடுமுறையில், பள்ளி திறக்குமுன், மாவட்டந்தோறும் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தித் தரைப்பலகை, அவசர வழி, தீயணைப்பான் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். பள்ளியை விட்டு வெளியேறிய வண்டி அந்த வரிசையில் நிற்பதில்லை; வழக்கமான எஃப்.சி. மட்டுமே. தேய்ந்த தரையும் தளர்ந்த பிரேக்கும்தான் பெரும்பாலும் விற்பனைக்கு வருகின்றன. அதிகாலை ஷிப்டுக்கு அதில் ஏறுகிறவர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தான்.

பழைய பள்ளி பஸ்ஸை வாங்குகிறவர்கள் முதலில் ஆர்.சி. புக்கில் மொத்த எடை என்ற வரியைப் பாருங்கள். அடுத்து ஓட்டப் போகிறவரின் லைசென்ஸை வாங்கிப் பாருங்கள். தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.