ஸ்படிக மணியின் துளை சொல்லும் கதை

ஸ்படிக மாலை நமக்குப் புதிதல்ல. கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். எங்கள் பள்ளியில் இதைக் 'கிரிஸ்தால் த ரோஷ்' என்று சொல்லித் தந்தார்கள். பாறைப் படிகம் என்று பொருள். சீனர்கள் 'ஷுயிஜிங்' என்கிறார்கள். 'ஷுயி' என்றால் தண்ணீர். ரோமானியரான பிளினியோ இது இறுகிப்போன பனிக்கட்டி என்றே நம்பினார். உண்மையில் இது குவார்ட்ஸ் என்னும் கல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, இதற்கு 7. பேனாக்கத்தியால் இதில் ஒரு கீறல்கூடப் போட முடியாது.

அப்படியானால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனர்கள் இதில் எப்படித் துளை போட்டார்கள்?

அவர்களுடைய திறமையில் சந்தேகமில்லை. 'போரிடும் நாடுகள் காலம்' எனப்படும் கி.மு. 475 முதல் 221 வரையிலான காலத்தில் சீ நாட்டின் தலைநகராக இருந்தது லின்ஸி. இன்றைய ஷான்டோங் மாகாணத்தில் இருக்கிறது. அங்குள்ள கல்லறைகளில் ஸ்படிக மணிகளும் வளையங்களும் கிடைத்தன. 1990-இல் ஹாங்சோ நகரில் அதே காலத்துக் கல்லறை ஒன்றில் ஒரே ஸ்படிகத்தைக் குடைந்து செய்த கோப்பை கிடைத்தது. உயரம் 15.4 சென்டிமீட்டர். பார்த்தால் இன்றைய கண்ணாடி டம்ளர் போலவே இருக்கும்.

ஆனால் தொழிலாளி ஏடு எழுதுவதில்லை. வேலையை மட்டுமே விட்டுப் போகிறான். அந்த வேலையின் வெளிப்புறமும் உதவாது. சாணை பிடித்து மெருகேற்றும்போது முந்தைய தடயங்கள் அழிந்துவிடும். மிஞ்சுவது துளையின் உட்சுவர் மட்டுமே. வாழ்நாள் முழுதும் கோப்புகளோடு இருந்தவனுக்கு இது எளிதில் புரிகிறது. மேலட்டை சுத்தமாகத்தான் இருக்கும். விஷயம் உள்ளே இருக்கும்.

அந்த உட்சுவரைப் படிக்க வழி காட்டியவர்கள் அமெரிக்கப் பல் மருத்துவத் துறையைச் சேர்ந்த லெனார்டு கோரெலிக், ஜான் குவின்னெட் ஆகிய இருவர். பல்லுக்கு அச்சு எடுக்கும் ரப்பர் பசையைத் துளைக்குள் செலுத்தி, இறுகியதும் உருவி எடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மணிக்குச் சேதமில்லை, துளையின் ஒவ்வொரு வரியும் அச்சில் விழுந்துவிடும். சீன ஆய்வாளர்களும் இன்று இம்முறையைக் கையாள்கிறார்கள்.

தச்சர்கள் வில்லில் கயிறு சுற்றித் துளை போட்டதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதே போல் ஒரு குழாயையோ கம்பியையோ சுழற்றி, அடியில் கடினமான கல்தூளைப் போட்டால், உண்மையில் அறுப்பது தூள்தான். அப்படிப் போட்ட துளை வாயில் அகன்று உள்ளே குறுகும், வரிகள் ஒழுங்கற்றிருக்கும். வைரத் துணுக்கு பதித்த முனையால் போட்டால் துளை நேராக, மெல்லியதாக, சீரான வட்ட வரிகளோடு அமையும். மறுபுறம் முனை வெளிவரும்போது கல் தெறித்துவிடும் என்பதால் பெரும்பாலும் இரு பக்கமிருந்தும் துளைப்பார்கள். நடுவில் சந்திக்கும் இடத்தில் சிறு படி தெரியும். மெருகு ஏறிய மணியில் அந்தக் கை சற்றே விலகிய இடம் அது ஒன்றுதான்.

வைர முனைத் துளையிடல் இந்தியாவில் தோன்றி மேற்கே பரவியது என்று 1988-இல் அவ்விருவரும் எழுதினார்கள். குஜராத்தின் காம்பே நகரில் அந்தத் தொழில் இன்றும் நடக்கிறது.

கிழக்கே என்ன ஆயிற்று? தென்சீனக் கடலோரத்து ஹெப்பு நகரின் ஹான் காலக் கல்லறைகளில் ஸ்படிகம், சூதுபவளம், கண்ணாடி மணிகள் ஏராளம். அத்துறையிலிருந்து புறப்பட்டவர்கள் தங்கமும் பட்டும் கொடுத்து முத்தும் அரிய கற்களும் வாங்கியதாக 'ஹான் ஷூ' என்னும் சீன வரலாற்று நூல் கூறுகிறது. அதில் வரும் 'ஹுவாங்ஸி' நம் காஞ்சிபுரமே என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் அரிக்கமேட்டிலும் மணித்தொழில் நடந்தது. 1945-இல் வீலரும் பின்னர் கசாலும் அங்கே அகழ்ந்தார்கள்.

உடனே 'எல்லாம் நம்மூர் சரக்கு' என்று மார்தட்டத் தோன்றும். அவசரம் வேண்டாம். வைர முனையின் தடயம் கருவியைத்தான் சொல்லும், ஊரைச் சொல்லாது. மணி பயணப்பட்டிருக்கலாம், கருவி பயணப்பட்டிருக்கலாம், தொழிலாளியே கப்பலேறியிருக்கலாம். லின்ஸியின் மணிகளோ ஹெப்பு துறைமுகம் எழுவதற்கு முந்தியவை.

அரசர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. மணி கோத்தவனுக்கும் துளைத்தவனுக்கும் பெயரில்லை. வீட்டில் பழைய ஸ்படிக மாலை இருந்தால் ஒரு மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை நேராகப் போகிறதா, நடுவில் படி இருக்கிறதா?