ஆழ்கடல் மிதவையும் கயிற்றின் பாரமும்

ஹட்டனைச் சூழ்ந்த மலைநாட்டுத் தோட்டங்களிற் சில, முன்னாளிற் கொழுந்து மூட்டைகளைக் கம்பி வழியே தொழிற்சாலைக்கு இறக்கின. அக்கம்பி தாங்கியது பெரும்பாலும் மூட்டையின் பாரத்தை. ஆழ்கடலில் இறங்கும் கம்பியோ தன் பாரத்தையே முதலிற் தாங்கவேண்டும். இவ்வுண்மை பெருநட்டத்தின் வாயிலாகவே தெளிவாயிற்று.

1857 ஆகத்து 11ஆம் நாள், அயர்லாந்திலிருந்து அத்திலாந்திக் கடலிற் தந்திவடம் இட்டுச் சென்ற ‘நயாகரா’ கப்பலின் பின்புறம் அலையில் உயர்ந்தபோது, தடைப்பொறி தளர்த்தப்படாமையால் வடம் அறுந்து, 2000 பாகத்துக்கும் மேற்பட்ட ஆழத்தில் மறைந்தது. பொறியை இயக்கியவர்மேற் பழி சுமத்துதல் எளிது. அலைக்கேற்பத் தானே நெகிழாத பொறியை அமைத்ததே பெரும் பிழை எனல் தகும். கப்பல் ஒரே வேகத்திற் செல்லின் வடம் நீருள் நேர்கோடாய்ச் சரியுமென்றும், கப்பலண்டை அதன் இழுவிசை, கடலின் ஆழமளவு நீண்ட வடத்தின் நீருள் எடையை ஏறக்குறைய ஒக்குமென்றும் வில்லியம் தொம்சன் அவ்வாண்டே கணித்தார். மறு ஆண்டில், மிகை இழுவிசைக்குத் தானே நெகிழும் தடைப்பொறி பொருத்தப்பட்டது.

கருவிகள் தாங்கிய மிதவையை ஆழ்கடலில் நிறுத்துவோருக்கும் இதே இடர்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வுட்சு ஓல் ஆய்வாளர் பெர்மியூடாத் திசையில் நிறுத்தியவற்றுட் பல தொலைந்தன. உருக்கு கடல்நீரில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு எடையையே இழக்கும். நைலோனோ நீரினும் சிறிதே கனத்தது, இழுபட்டு நீளவும் வல்லது. ஆதலால் மேலே உருக்குக் கம்பியும் கீழே நைலோன் கயிறுமாக இணைப்பது வழக்கமாயிற்று. நங்கூரத்தை முதலில் இறக்கின், அதன் பாரமும் கப்பலின் அசைவும் ஒருங்கே கயிற்றைத் தாக்கும். ஆகவே மிதவையை முதலில் விட்டு, கயிற்றை நீர்மேற் பரப்பி, நங்கூரத்தை ஈற்றில் வீழ்த்துவர். அது முழுக் கயிற்றையும் நீரூடே இழுத்துக்கொண்டு இறங்குதலால் வீழ்ச்சி மட்டுப்படும்.

சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1996இல் தொடங்கிய திட்டத்தின் மிதவைகள் வங்கக் கடலிலும் நிறுத்தப்பட்டன. மலைநாட்டில் மண்சரிவுக்குக் காரணமாகும் தாழமுக்கங்கள் அக்கடலிலேயே எழுகின்றன. மேற்பரப்பின் கீழுள்ள வெப்பத்தைச் செய்மதி காணாது. அதனை ஓரிடத்தில் இடையறாது அளப்பவை அக்கயிற்றிற் கட்டிய கருவிகளே.