ஆவடியில் எந்த டேங்க்?

ஆவடியில் டேங்க் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் ராணுவ டேங்க்தான். கனரக வாகனத் தொழிற்சாலையில் முதல் விஜயந்தா வெளிவந்தது 1965ல். அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தப் பக்கம் முழுக்க டேங்க்தான். பழைய ஆங்கில ஆவணங்களில் ஏரிக்கு அதுதான் பெயர்.

இரண்டும் ஒரே சொல். 1915ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஒரு போர் வண்டியை ரகசியமாகச் செய்தபோது, வெளியே தெரியாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று பெயர் சொல்லி மறைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு மூலம் குஜராத்தி, மராத்தியில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல், கூடவே போர்ச்சுகீசியமும் கலந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. (நம்ம 'தாங்கல்'தான் டேங்க் ஆச்சு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாதே.)

இதோடு 'லேக்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். அதன் லத்தீன் மூலச்சொல் ஏரி, தொட்டி இரண்டையும் குறித்தது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இயற்கையாகத் தேங்கிய நீர் என்று ஆகிவிட்டது. மனிதன் கரை கட்டித் தேக்கினது டேங்க்.

வித்தியாசம் தொடர்களில் நல்லாவே தெரியும். டேங்க் பண்ட், டேங்க் பெட், டேங்க் இரிகேஷன்: கரை, படுகை, பாசனம். லேக் வியூ, லேக் ஃப்ரண்ட், லேக் சைடு: பார்க்கிறது, பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். டேங்க் வினையாகவும் வரும்; படம் ஊத்திக்கிட்டா 'டேங்க்ட்' என்பார்கள். லேக்கை அப்படி யாரும் வினையாக்குவதில்லை.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம் எல்லாம் இப்போ ஆங்கிலத்தில் லேக் ஆகிவிட்டன. லேக்குக்கு நடைபாதையும் பெஞ்சும் போதும். ஏரிக்கு வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் வேணும். அம்பத்தூரில் மிஞ்சின தண்ணி கொரட்டூருக்குப் போகணும். நடுவில் கால்வாயை மனை போட்டு வித்தாலும் 'லேக் வியூ' அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் தண்ணி வீட்டுக்குள்ள வரும்.

சட்டம் இன்னும் பழைய சொல்லை விடவில்லை. பொதுப்பணித் துறை ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பில் இருப்பது 'டேங்க்ஸ்'தான்.

அதனால் உங்க ஊர் ஏரியைப் பழைய ஆங்கில ஆவணங்களில் தேடினால் 'டேங்க்' போட்டுத் தேடுங்கள். ஆவடிக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேணும்: முதலில் வந்து நிற்பது விஜயந்தாவும் அர்ஜுனும்தான்.