ஐதராபாத்தில் நுண்கலை, வரைகலைக் கல்வி

ஐதராபாத்தில் நுண்கலை, வரைகலைக் கல்வி என்பது தெலங்கானாவின் தலைநகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஓவியம், சிற்பம், பதிப்போவியம், விளம்பர வரைகலை, அனிமேஷன், ஆடை வடிவமைப்பு முதலியவற்றில் வழங்கப்படும் பட்டப்படிப்புகளைக் குறிக்கும். இந்நகரில் ஓவியருக்கும் வடிவமைப்பாளருக்கும் இடையே உறுதியான சுவர் எழும்பவில்லை. கலைக்கூடத்தில் பயின்றவர்கள் திரைப்படம், தொலைக்காட்சி, அரசுச் சின்னம், புத்தக அட்டை எனப் பல துறைகளுக்கும் சென்றிருக்கிறார்கள்.

வரலாறு

சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியோடு ஒப்பிட்டால் ஐதராபாத்தின் கலைக்கல்வி இளையது. நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1940இல், இங்கு அரசுக் கலை, கைவினைப் பள்ளி தோன்றியது. பின்னர் அது நுண்கலை, கட்டடக்கலைக் கல்லூரியாக வளர்ந்து, 1972இல் உருவான ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமானது. 2008இல் அக்கல்லூரியை அடிப்படையாகக் கொண்டு ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகம் தனியே அமைக்கப்பட்டது. மாசாப் டேங்க் பகுதியில் இது இயங்குகிறது.

தொடக்ககால மாணவர்களுள் ஒருவரான கொண்டபல்லி சேஷகிரி ராவ் (1924–2012) சாந்திநிகேதனிலும் பயின்று திரும்பி, நெடுங்காலம் இங்கு ஆசிரியராக இருந்தார். அடுத்த தலைமுறையினருக்குப் பரோடா மேற்படிப்புக்கான ஊரானது. ஓவியர்கள் லட்சுமா கௌடு, தோட்டா வைகுண்டம் இருவரும் ஐதராபாத்தில் பயின்றபின் பரோடா சென்று ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியனிடம் கற்றவர்கள்.

கல்வி நிறுவனங்கள்

கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பி.எஃப்.ஏ. (நுண்கலை இளநிலை) படிப்பு உண்டு. ஓவியம், சிற்பம், பயன்முறைக் கலை, புகைப்படம், அனிமேஷன் ஆகியவை அதன் பிரிவுகள். வரைகலையைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் பெரும்பாலும் பயன்முறைக் கலையைத் தேர்கிறார்கள். இலச்சினை, சுவரொட்டி, பொட்டல அட்டை, விளம்பரத் தொடர் போன்றவை அதன் களம்.

1974இல் நிறுவப்பட்ட ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் சரோஜினி நாயுடு கலை, தொடர்பியல் பள்ளி உள்ளது. இது 1988இல், சரோஜினி நாயுடுவின் குடும்ப வீடான ‘கோல்டன் த்ரெஷோல்டு’ இல்லத்தில் தொடங்கிப் பின்னர் கச்சிபௌலி வளாகத்துக்கு மாறியது. முதுநிலைப் படிப்பில் ஓவியம், பதிப்போவியம், சிற்பம், கலை வரலாறு ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. லட்சுமா கௌடு இங்கு ஆசிரியராகப் பணியாற்றினார்.

தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின், 1995 முதல் இயங்கும் கிளை மாதாப்பூரில் இருக்கிறது. கந்தியில் அமைந்த ஐ.ஐ.டி. ஐதராபாத்தும் வடிவமைப்பில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் தருகிறது.

சேர்க்கையும் பயிற்சியும்

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நுழைவாயில் வேறு. கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகம் தனக்கென நுழைவுத்தேர்வு நடத்துகிறது. சந்தை, பேருந்து நிறுத்தம் போன்ற காட்சிகளை நினைவிலிருந்து வரையும் திறன் அதில் சோதிக்கப்படும். ஐ.ஐ.டி.க்கு, மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் தேர்வு இளநிலைக்கும் சீட் தேர்வு முதுநிலைக்கும் வாயில். இவை கைத்திறனுடன் இடஞ்சார் கற்பனையையும் சிக்கல் தீர்க்கும் ஆற்றலையும் அளப்பவை.

வகுப்பறையில் பென்சில் கோட்டோவியமும் நீர்வண்ணமுமே அடித்தளம். கணினி மென்பொருள் அதன்மேல் வருவது. படிப்பு முடிவதற்குள் மாணவர் தம் படைப்புகளைத் தொகுத்து ஒரு போர்ட்ஃபோலியோ உருவாக்குகிறார். வேலை தேடும்போது மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பல எழுத்து வரைகலை

ஐதராபாத் வரைகலைஞர் தெலுங்கு, உருது, ஆங்கிலம் மூன்றையும் ஒரே பலகையில் இணங்கவைக்க வேண்டியிருக்கிறது. தெலுங்கில் கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் ‘ஒத்து’ என்ற வடிவில் முதலெழுத்தின் கீழே தொங்கும். ஆகவே வரிகளுக்கிடையே கூடுதல் இடம் தேவை. தமிழ் எழுத்தில் புள்ளியே கூட்டெழுத்தின் வேலையைச் செய்துவிடுவதால் தமிழ் வடிவமைப்பாளருக்கு இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. உருதுவின் நஸ்தலீக் எழுத்தோ வலமிருந்து இடமாக, சரிந்து இறங்கும். அதற்கும் உயரம் வேண்டும்.

2014இல் மாநிலம் உருவானபோது ஓவியர் ஏலே லட்சுமண் வடிவமைத்த தெலங்கானா அரசுச் சின்னம் இதற்கு எடுத்துக்காட்டு. காக்கதீயர் தோரணவாயிலும் அதனுள் சார்மினாரும் நிற்க, சுற்றிலும் அரசின் பெயர் தெலுங்கு, ஆங்கிலம், உருது மூன்றிலும் ஓடுகிறது. கீழே ‘சத்யமேவ ஜயதே’ தேவநாகரியில் அமைந்துள்ளது. ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு எழுத்துமுறைகள்.

தொழில்வாழ்வு

விளம்பர நிறுவனம், பதிப்பகம், செய்தித்தாள், மென்பொருள் நிறுவனங்களின் பயனர் இடைமுகப் பிரிவு, தெலுங்குத் திரையுலகு ஆகியவை முக்கியப் பணிக்களங்கள். 2008இல் போகோ அலைவரிசையில் வந்த ‘சோட்டா பீம்’ தொடரை உருவாக்கிய கிரீன் கோல்டு அனிமேஷன் ஐதராபாத் நிறுவனமே. ‘பாகுபலி’ (2015) போன்ற படங்கள் காட்சி விளைவுக் கலைஞர்களுக்கு வேலை தந்தன. அனிமேஷன், விளையாட்டுத் துறைகளை வளர்க்க மாநில அரசு 2016இல் ‘இமேஜ்’ என்ற கொள்கையை அறிவித்தது.

கலையும் பிழைப்பும் கைகோத்த பழைய சான்று தோட்டா வைகுண்டம். பெரிய பொட்டும் அடர்நிறச் சேலையுமாகத் தெலங்கானாக் கிராமப் பெண்களை வரைந்து புகழ்பெற்ற அவர், பி. நரசிங்க ராவ் இயக்கிய ‘தாசி’ (1988) படத்துக்குக் கலை இயக்கம் செய்து தேசிய விருது பெற்றார். பழைய தெலங்கானாவின் ஜமீன் மாளிகை வாழ்வைக் காட்டும் அப்படத்துக்கு, அந்த மண்ணின் மனிதர்களை வரைந்து பழகிய கை உதவியது.